எல்லாமே சதுப்பா?

சென்ற மாதம் சிங்கப்பூரின் சுங்கை பூலோ இயற்கைக் காப்பகத்தில் காலை நடை ஒன்றுக்குப் போயிருந்தேன். தமிழில் விளக்கிக்கொண்டு வந்த தம்பி கெட்டிக்காரர். தண்ணீரில் நீந்துவது உடும்பா முதலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை அழகாகச் சொன்னார். ஆனால் அவருக்குக் குளமும் சதுப்புநிலம், ஆற்றோரக் காடும் சதுப்புநிலம், கடல் வடிந்ததும் உள்ளான் பறவைகள் இரை தேடும் சேற்றுத் திட்டும் சதுப்புநிலம். அவர் மேல் தப்பில்லை. கையில் கொடுத்த தாளிலேயே அப்படித்தான் இருந்தது: ஆங்கில 'வெட்லேண்ட்' (wetland) என்பதற்குத் தமிழில் 'சதுப்புநிலம்'.

சதுப்பு என்றால் கால் புதையும் சேறு. அதோடு நிலம் சேர்ந்தால் சேற்றுநிலம், அவ்வளவுதான். 'வெட்லேண்ட்' அதைவிடப் பெரிய குடை. 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை அதற்கு எல்லை வகுத்தது: இயற்கையோ செயற்கையோ, தேங்கியதோ ஓடுவதோ, நன்னீரோ உப்புநீரோ எல்லாம் உள்ளே. கடல் என்றால், நீர் வடிந்த நேரத்தில் ஆழம் 6 மீட்டரைத் தாண்டக்கூடாது. நெல்வயலும் ஏரியும்கூட இதில் சேரும். வேடந்தாங்கல் ஏரி ராம்சர் பட்டியலில் இருக்கிறது. அதைச் சதுப்பு என்று அந்த ஊர்க்காரரிடம் சொல்லிப் பாருங்கள்! பள்ளிக்கரணையைச் சதுப்புநிலம் என்றால் சரி, அது சதுப்புதான்.

சுங்கை பூலோவையே எடுத்துக்கொள்வோம். பெயர் மலாய், மூங்கில் ஆறு என்று பொருள். 1993இல் பூங்காவாகத் திறந்து, 2002இல் இயற்கைக் காப்பகமான இந்த இடத்தில் முன்பு இருந்தவை இறால் குளங்கள். கடல் ஏறும்போது மதகைத் திறப்பார்கள், தண்ணீரோடு இறால் குஞ்சும் உள்ளே வரும். பிறகு மதகை அடைத்து வளரவிட்டு, கடல் வடியும்போது வலை கட்டிப் பிடிப்பார்கள். மனிதர் கரை போட்டு மதகு வைத்த குளத்தைச் சதுப்பு என்றால், அந்த உழைப்பின் கதையே சொல்லுக்குள் அமுங்கிப்போகிறது. நடையில் பாதி நேரம் அந்தக் கதையைத்தான் கேட்டோம்!

எனக்கு 'ஈரநிலம்' போதும். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் ஏற்கெனவே புழங்கும் சொல்தான். "துடைத்துவிட்ட தரை ஞாபகம் வருகிறதே" என்றார் நண்பர் ஒருவர். தரை வேறு, நிலம் வேறு ஐயா. ஈர நெஞ்சம் என்கிறோமே, அங்கே வழுக்கியா விழுகிறோம்? இன்னொருவர் 'நன்செய்' என்றார். பழைய நிலவரிக் கணக்கில் நன்செய்தான் வெட்லேண்ட், உண்மை. ஆனால் அது பாசனம் பெற்று உழுது விதைக்கிற நிலம். முதலை படுத்திருக்கும் இடத்துக்கு யார் பட்டா எழுதுவது?

இதைவிட எரிச்சல் தருவது, கண்டல் காட்டுக்கு, அதாவது 'மேங்குரோவ்' (mangrove) காட்டுக்கு, எழுதும் 'சதுப்புநிலக் காடு'. ஈரநிலத்துக்கும் சதுப்பு, அதிலுள்ள காட்டுக்கும் சதுப்பு என்றால் 'ஈரநிலத்தில் உள்ள கண்டல் காடு' என்பதை எப்படி எழுதுவது? 'சதுப்புநிலத்தில் உள்ள சதுப்புநிலக் காடு' என்றா? அப்படி எழுதியிருந்ததையும் பார்த்துவிட்டேன். நெய்தல் பாட்டுகளில் கண்டல் இருக்கிறது, இலங்கையில் இன்றும் அதுதான் வழக்கு. முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்தி என்பார்கள், அதுவும் நல்ல சொல். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நடை முடியும் இடத்தில் தம்பி ஒரு மரத்தைக் காட்டினார். பால் கண்ணில் பட்டால் பார்வை போகுமாம், மலாயில் 'புத்தா புத்தா', அதாவது குருடு. தமிழ்ப் பெயர் தாளில் இல்லை. பின்னால் வந்த பெரியவர் இலையை உற்றுப் பார்த்துவிட்டு, "இது எங்கள் சிதம்பரத்துத் தில்லை அல்லவா தம்பி?" என்றார். தம்பி பேனா கேட்டு வாங்கித் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.