ஹைப்போவா, ஹைப்பரா?

இரவு பதினொன்றரைக்கு ஒரு போன். "டாக்டர், அப்பாவுக்கு உடம்பெல்லாம் வேர்வை. ஹைப்பகிளைசீமியான்னு பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா சொல்றாங்க. இன்சுலினைக் கொஞ்சம் கூட்டிப் போடவா?"

எனக்குத் தெளிவாக விழுந்தது 'சீமியா' மட்டும்தான்.

"மெஷின்ல எவ்வளவு காட்டுது தம்பி?"

"58."

"ஊசியைத் தொடாதீங்க. முழிச்சிருக்காரா, விழுங்குவாரா? மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கரைச்சுக் குடுங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி குத்திப் பாருங்க."

அந்தத் தம்பிமேல் தப்பில்லை. சுகர் இறங்கினால் ஹைப்போகிளைசீமியா, ஏறினால் ஹைப்பர்கிளைசீமியா; சொல்லின் அமைப்பே அப்படி. ஹைப்போ என்றால் குறைவு, ஹைப்பர் என்றால் மிகுதி. அடுத்து வரும் கிளைக், இனிப்பு. குளுக்கோசுக்கும் அதுதான் வேர். கடைசியில் ஈமியா, இரத்தத்தில் இருப்பது. அனீமியாவில் வருகிற அதே ஈமியா. எல்லாம் கிரேக்கச் சரக்கு. தலை மாறினால் வைத்தியமே தலைகீழ்.

உச்சரிப்பில் ஆறு அசை: ஹை-போ-கிளை-சீ-மி-யா. ஆங்கிலேயர் ஓங்கி அழுத்துவது 'சீ'யை. ஹை-க்கு லேசான அழுத்தம், அடுத்த அசைக்கு அதுவும் இல்லை. பிரிட்டிஷ் பேச்சில் ஹைப்பரின் 'ர்' வேறு காணாமல் போய் 'ஹைப்ப' என்று நிற்கும். ஆக, இரண்டு சொல்லுக்கும் பொதுவான இடத்தில் குரல் ஏறுகிறது. வேறுபடுத்த வேண்டிய இடத்தில் அமுங்குகிறது. ஒவ்வோர் எழுத்தையும் சமமாகச் சொல்லும் நம்மூர் உச்சரிப்பைக் கேலி செய்பவர்கள் உண்டு. போனில் எனக்கு அதுதான் பிடிக்கும்.

பொட்டாசியம் குறைந்தால் ஹைப்போகலீமியா, கூடினால் ஹைப்பர்கலீமியா. முன்னதற்குப் பொட்டாசியம் கொடுக்க வேண்டும். பின்னதில் கொடுத்தால் இதயமே நின்றுபோகலாம். தைராய்டு கதை வேறு. "எனக்குத் தைராய்டு இருக்கு டாக்டர்" என்பார்கள். எல்லோருக்கும்தான் இருக்கிறது, குறைவா கூடுதலா என்பதல்லவா கேள்வி!

அதனால் என்னிடம் போனில் பேசுபவர்களுக்கு ஒரே நிபந்தனை. கிரேக்கம் வேண்டாம். 'சுகர் இறங்கிடுச்சு', 'ஏறிடுச்சு' என்று சொல்லி, கூடவே எண்ணைச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே போனாலே இறக்கம்தான். மயங்கிக் கிடப்பவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கால் மணி நேரத்தில் அந்தத் தம்பியே மறுபடி கூப்பிட்டார். "ஏறிடுச்சு டாக்டர், 96."

"ராத்திரி சாப்பிட்டாரா?"

"இல்ல டாக்டர். மாத்திரை மட்டும் போட்டுட்டுப் படுத்துட்டாராம்."