நிறமும் கோடும் மூளையில் சந்திக்கும் இடம்

1965ஆம் ஆண்டில் செலஸ்ட் மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் 'சயின்ஸ்' இதழில் ஓர் எளிய சோதனையை விவரித்தார். ஆரஞ்சுப் பின்புலத்தில் கறுப்புச் செங்குத்துக் கோடுகள் கொண்ட படத்தையும், நீலப் பின்புலத்தில் கறுப்புக் கிடைக்கோடுகள் கொண்ட படத்தையும் சில நொடிகளுக்கு ஒருமுறை மாற்றி மாற்றிச் சில நிமிடங்கள் பார்க்க வேண்டும். பிறகு வெறும் கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் பார்த்தால், செங்குத்துக் கோடுகளுக்கு இடையிலுள்ள வெண்மையில் நீலப்பச்சைச் சாயலும், கிடைக்கோடுகளுக்கு இடையில் ஆரஞ்சுச் சாயலும் மெலிதாகப் படர்ந்திருக்கும். தாளில் அந்த நிறங்கள் துளியும் இல்லை.

சிவப்பு வட்டத்தை உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரை நோக்கினால் பச்சைச் சாயலுள்ள வட்டம் தெரிவதை நாம் அறிவோம். விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் களைப்பதே அதற்கு முக்கியக் காரணம். அது விரைவில் மறைந்தும்விடும். மெக்கல்லோவின் விளைவை அப்படி விளக்க முடியாது. ஏனெனில் இரண்டு நிறங்களும் விழித்திரையின் அதே பகுதியில் மாறி மாறி விழுகின்றன. பார்ப்பவரும் கண்ணை ஓரிடத்தில் நிறுத்துவதில்லை. இங்கே பதிந்திருப்பது நிறம் மட்டுமன்று, இன்ன திசைக் கோட்டுக்கு இன்ன நிறம் என்ற இணைப்பு. கையிலுள்ள தாளை மெல்லத் திருப்பினாலே அது புலப்படும்: 45 பாகை சாய்வில் சாயல் மங்கி மறைகிறது, 90 பாகைக்கு வந்ததும், சற்றுமுன் நீலப்பச்சையாக இருந்த பகுதி ஆரஞ்சாகிறது.

இந்த இணைப்பு எங்கே நிகழ்கிறது? ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றொரு கண்ணால் மட்டும் படங்களைப் பார்த்துப் பழகியவர், பிறகு மூடியிருந்த கண்ணால் கோடுகளைப் பார்த்தால் நிறச்சாயல் தெரிவதில்லை. எனவே இரு கண்களின் செய்திகளும் ஒன்று கலப்பதற்கு முந்தைய கட்டத்தைத் தேட வேண்டும். கோட்டின் திசையை உணரும் நியூரான்களோ (நரம்புச் செல்களோ) விழித்திரையில் அன்றி, பின்மண்டையை ஒட்டிய மூளைப் பகுதியான முதன்மைப் பார்வைப் புறணியில்தான் உள்ளன என்று நரம்பியல் ஆய்வாளர்கள் ஹூபெல், வீசல் இருவரின் ஆய்வுகள் காட்டியிருந்தன. இவ்விரண்டு தடயங்களும் அப்புறணியின் தொடக்க அடுக்குகளையே சுட்டுகின்றன. பொருளை இன்னதென்று அடையாளம் காண்பதற்கு வெகு முன்பே நிறமும் வடிவமும் கைகோத்துவிடுகின்றன என்பதே இச்சோதனையின் பெரும் பேறு என்று நான் கருதுகிறேன்.

ஆனால் 1984இல் லிவிங்ஸ்டனும் ஹூபெலும் வெளியிட்ட ஆய்வு வேறொரு படத்தைத் தந்தது. அதே புறணியில் நிறத்தை உணரும் செல்கள் சிறு திட்டுகளாகவும், திசையை உணரும் செல்கள் அவற்றுக்கு இடையிலும் தனித்தனியே அமைந்துள்ளன என்று அவர்கள் கண்டார்கள். நிறமும் வடிவமும் தனித்தனிப் பாதைகளில் சென்று பின்னரே இணைகின்றன என்ற கருத்து பாடநூல்களில் வேரூன்றியது. கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தினர் 2019இல் மக்காக் குரங்குகளின் புறணியில் ஆயிரக்கணக்கான நியூரான்களை நுண்ணோக்கியால் படம்பிடித்தபோது அந்தப் பிரிவினை தளர்ந்தது. நிறத்தைத் தேர்ந்து உணரும் நியூரான்களில் பல, கோட்டின் திசையையும் தேர்ந்தே உணர்ந்தன. குறிப்பிட்ட நிறத்தில், குறிப்பிட்ட சாய்வில் ஒரு விளிம்பு வந்தால்தான் அத்தகைய நியூரான் வலுவாகத் துடிக்கிறது.