தோள்பட்டையில் ஒரு கணக்கு

ரோமில் எடுத்த படம் ஒன்றை அனுப்பி வாசகர் ஒருவர் கேட்கிறார்: அருகருகே நிற்கும் இரண்டு காவலர்களில் ஒருவருடைய காலரில் மட்டும் ஐமுனை நட்சத்திரம் இருப்பது ஏன்?

நட்சத்திரம் அணிந்தவர் காராபினியேரி படைக்காரர். காவல் வேலை பார்த்தாலும் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர். 1871-இல் அரசாணை மூலம் வந்த இந்தக் காலர் நட்சத்திரம் புதுச் சிப்பாய்க்கும் ஜெனரலுக்கும் ஒன்றுதான். மற்றவர் தேசியக் காவல்துறையைச் சேர்ந்தவர். அத்துறை 1981-இல் ராணுவ அமைப்பிலிருந்து விடுபட்டபோது நட்சத்திரத்தையும் கழற்றிவிட்டது.

பதவியைச் சொல்வது காலர் அல்ல, தோள்பட்டை. இன்றைய இத்தாலியத் தரைப்படையில் இளநிலை லெப்டினன்டுக்கு ஒரு நட்சத்திரம், லெப்டினன்டுக்கு இரண்டு, கேப்டனுக்கு மூன்று. மேஜருக்கு நான்கா? இல்லை. மதிலும் கோபுரமும் கொண்ட ஒரு கிரீடம் வந்து சேர, எண்ணிக்கை மறுபடி ஒன்றில் தொடங்குகிறது. கர்னலுக்குக் கிரீடத்தோடு மூன்று. பிறகு கிரீடம் போய், 'கிரேகா' என்னும் கிரேக்கப் பாணிப் பின்னல் வேலைப்பாடு வர, பிரிகேட் ஜெனரலுக்கு மீண்டும் ஒற்றை நட்சத்திரம். ஒன்பது முடிந்ததும் பத்தின் இடத்துக்குத் தாவும் இடமதிப்பு முறையை இது நினைவூட்டுகிறது! ரெஜிமென்டை நேரடியாக நடத்தும் கர்னல் என்றால் நட்சத்திரங்களைச் சுற்றிச் சிவப்பு ஓரமும் இருக்கும்.

கர்னல் வரை எண்ணிக்கையை மூன்றோடு நிறுத்துவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. அதே 1871-இல் ஆங்கிலேய அறிஞர் ஜெவன்ஸ் ஒரு பெட்டிக்குள் அவரை விதைகளை வீசி, பார்த்த மாத்திரத்தில் எண்ணிக்கையைச் சொல்லிப் பார்த்தார். மூன்று, நான்கு வரை அவர் பிசகவே இல்லை. ஐந்திலிருந்து தடுமாற்றம். சிறு எண்ணிக்கையை நம் மூளை எண்ணாமலேயே பிடித்துவிடுகிறது. புழுதியிலும் அவசரத்திலும் ஆணை யாருடையது என்று அறிய வேண்டிய சிப்பாய்க்கு இது எவ்வளவு பெரிய உதவி! ஒரு கைப்பிடி விதையில் நடந்த ஆய்வு இது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டு நிதியை மறுக்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எந்த இருவரை நிறுத்தினாலும் மேலானவர் யார் என்பதற்கு ஒரே விடை வரவேண்டும். இந்த முறையின் உயிர் அதில்தான் இருக்கிறது. முசோலினி குலைத்தது அதைத்தான். 1924-இல் முதல் உலகப் போர்த் தளபதிகளான கடோர்னாவுக்கும் தியாஸுக்கும் அளித்த 'இத்தாலியின் மார்ஷல்' பட்டமே உச்சமாக இருந்தது. 1938-இல் அதற்கும் மேலே 'பேரரசின் முதல் மார்ஷல்' என்ற ஒன்று உருவாகி, மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேலுக்கும் முசோலினிக்கும் ஒருசேரப் போனது. உச்சியில் இருவர், சமநிலையில்! மன்னர் கொதித்துப்போனார். 1940 ஜூனில் இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியபோது களத்துப் படைகளின் தலைமை முசோலினியிடம் போனது. சட்டப்படியான தலைமை மன்னரிடமே இருந்தது. 1943 ஜூலையில் முசோலினி கட்சியின் உச்ச அவையான பாசிசப் பெருங்குழு தன் தீர்மானத்தில் மன்னர் படைத்தலைமையைத் திரும்ப ஏற்க வேண்டும் என்று கேட்டது. தீர்மானம் நிறைவேறிய அன்றே மன்னர் முசோலினியைப் பதவி நீக்கினார்.

உச்சியில் மறுபடி ஒருவரே நிற்கும்படி, 1948 அரசியலமைப்பு படைத்தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைத்தது. 1997 சட்டம் முப்படைத் தளபதிகளைப் பாதுகாப்புத் தலைமைத் தளபதிக்குக் கீழே கொண்டுவந்தது.