கீழே விரிப்பதை முதலில் பாருங்கள்: மலைப்பயணத்தில் படுக்கையும் தங்குமிடமும்

தண்டையார்பேட்டையில் நான் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றும் சிறிய சிகிச்சை நிலையத்துக்கு, கோடை விடுமுறை முடிந்த பிறகும் பொங்கல் விடுமுறை முடிந்த பிறகும் ஒரே மாதிரியான வலியோடு ஆட்கள் வருவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ போய்வந்தவர்கள் அவர்கள். மலையில் நடந்ததால் இடுப்பு பிடித்துக்கொண்டது என்பார்கள். விவரமாகக் கேட்டால், நடந்த தூரம் காசிமேட்டிலிருந்து ராயபுரம் வரைகூட இருக்காது. வலி பகலில் வந்ததன்று, இரவில் படுத்த இடத்தில் வந்தது. டிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மாதம் முன்பே திட்டமிடும் குடும்பங்கள், எதன்மேல் படுக்கப்போகிறோம் என்பதை மட்டும் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றன. அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் பகுதியில் தரையில் படுப்பது புதிதல்ல. மே மாதத்தில் மின்விசிறி அனலை வீசும்போது, கட்டிலை விட்டு இறங்கி மொசைக் தரையில் ஒரு கோரைப்பாயை விரித்துப் படுத்தால்தான் நமக்குத் தூக்கமே வருகிறது. அந்தச் சுகத்துக்குக் காரணம், தரை நம் உடலின் சூட்டைத் தன்னுள் இழுத்துக்கொள்வதுதான். சென்னையில் நமக்கு உதவும் அதே வேலையைத்தான் மலையின் மண்ணும் இரவு முழுவதும் செய்கிறது. அங்கே அது உதவியாக இருப்பதில்லை. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கும் கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரி இரவுகள் பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது வழக்கம். குளிரில் தசைகள் தாமாக இறுகுகின்றன, உடல் சுருண்டுகொள்கிறது, ஏற்கெனவே இடுப்புத் தேய்மானம் உள்ளவருக்கு அந்தச் சுருண்ட நிலையில் ஆறு மணி நேரம் கிடப்பதே போதுமான தொந்தரவு.

ஆகவே கூடாரத்தில் தங்கப்போகிறவர்கள், உள்ளே நுழைந்து படுக்கும் பஞ்சுப் பையான ஸ்லீப்பிங் பேக்கைத் தேடுவதற்கு முன்னால், அதன் அடியில் விரிக்கும் மெத்தைப்பாயைத் தேட வேண்டும். பேக்கின் வெப்பத்தைக் காப்பது அதன் பஞ்சுக்குள் தங்கியிருக்கும் காற்று. நாம் மேலே படுத்தவுடன் முதுகுக்கு அடியில் இருக்கும் பஞ்சு நசுங்கி அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. அதனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேக்கும் அடிப்பக்கத்தில் ஏறக்குறைய வெறும் துணிதான். பேக்குகளின் வெப்பநிலை அளவை ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தரமுறையில் சோதிக்கும்போதுகூட, சூடேற்றிய பொம்மைக்கு உள்ளாடை அணிவித்து, அடியில் பாய் விரித்துத்தான் படுக்கவைக்கிறார்கள். பேக்கின்மேல் அச்சிட்ட எண், அடியில் பாய் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு சொல்லப்பட்ட எண்.

அந்த எண்ணைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. முறையாகச் சோதித்த பேக்கில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் இருக்கும். முதல் எண், ஒரு பெண் உடலைத் தளர்த்திப் படுத்து நிம்மதியாக உறங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, ஓர் ஆண் உடலைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கக்கூடிய எல்லை. மூன்றாவது உறங்குவதற்கான எண்ணே அல்ல. உயிர் பிழைத்திருப்பதற்கான எண், அப்போதும் உடல் ஆபத்தான அளவுக்குக் குளிர்ந்துபோக வாய்ப்பு உண்டு. சென்னைக் கடைகளில் தொங்கும் மலிவான பேக்குகள் பலவற்றில் ஒரே ஓர் எண்தான் இருக்கும், அது எது என்று விற்பவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட பேக்கை வாங்குவதானால், போகும் இடத்தின் இரவுக் குளிரைவிடக் குறைந்தது ஐந்து டிகிரியாவது கூடுதலான குளிரைத் தாங்குவதாகச் சொல்லும் பேக்கை எடுங்கள் என்றே சொல்வேன். வயதானவருக்கும் ஒல்லியானவருக்கும் இன்னும் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

பாய்க்கும் ஓர் அளவு உண்டு. ஆர்-வேல்யூ என்று குறிப்பிடப்படும் அந்த எண் கூடக்கூட, தரைக்குப் போகும் சூடு குறையும். 2018 முதல் இதைச் சோதிப்பதற்குப் பொதுவான தரமுறை இருக்கிறது. மூடிய நுரையாலான மடிப்புப் பாய்க்கு இது சுமார் 2 இருக்கும். உள்ளே வெறும் காற்று மட்டும் நிரம்பிய சாதாரண ஏர் மெத்தைக்கு, பார்க்க எவ்வளவு தடிமனாக இருந்தாலும், இது மிகவும் குறைவு, ஏனென்றால் உள்ளிருக்கும் காற்று சுழன்றுகொண்டே சூட்டைக் கீழே கடத்திவிடுகிறது. ஒன்றின்மேல் ஒன்றாக விரித்தால் இரண்டின் மதிப்பும் கூடும் என்பதால், நுரைப்பாயின்மேல் ஏர் மெத்தையை விரிப்பது நல்ல ஏற்பாடு. நுரைப்பாய் மட்டும்தான் இருக்கிறது என்றால் மேலே வீட்டு ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போடுங்கள்.

"கடினமான தரைதான் முதுகுக்கு நல்லது, டாக்டரே சொன்னார்" என்று என்னிடம் வாதிடுபவர்கள் உண்டு. இது முன்பு பரவலாகச் சொல்லப்பட்ட அறிவுரைதான். ஆனால் ஸ்பெயினில் நீண்டகால இடுப்புவலி உள்ள 313 பேரிடம் நடத்தப்பட்டு 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தர இறுக்கமுள்ள மெத்தையில் படுத்தவர்களே வலி குறைந்து எழுந்தார்கள். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பெலும்பும் சற்றே அமிழ இடம் வேண்டும். ஏர் மெத்தையில் ஒருக்களித்துப் படுத்து, இடுப்புக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். இடுப்பு தரையைத் தொட்டால் காற்று போதாது, துளியும் அமிழவில்லை என்றால் கொஞ்சம் திறந்துவிடுங்கள். தலையணைக்குப் பதிலாகத் துணிப்பையை மடித்து வைத்தால், தோளுக்கும் காதுக்கும் இடைப்பட்ட உயரத்தை அது நிரப்புகிறதா என்று மட்டும் கவனித்தால் போதும்.

புறப்படும் முன் ஒரு நாள் இரவு, அதே பாயில் வீட்டுக் கூடத்தில் படுத்துப் பாருங்கள். காலையில் எதையும் பிடிக்காமல் தரையிலிருந்து எழ முடியாதவர், மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், காலில் மரத்துப்போகும் உணர்வோடு நரம்புவலி இருப்பவர் ஆகியோர் கூடாரத்தைத் தவிர்த்து அறையில் தங்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அறை என்றவுடன் பிரச்சினை தீர்ந்துவிடாது. காலை உணவோடு வீட்டிலேயே தங்கவைக்கும் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் இடங்களுக்கு மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் திட்டம் ஒன்று உண்டு. அதன்படி உரிமையாளர் தம் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும், ஆறு அறைகளுக்கு மேல், அதாவது பன்னிரண்டு படுக்கைகளுக்கு மேல், வாடகைக்கு விடக் கூடாது; தங்கம், வெள்ளி என இரு தரங்களாகப் பதிவு செய்கிறார்கள். உரிமையாளர் அங்கேயே இருக்கிறாரா என்பதை நான் முதல் கேள்வியாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம், நள்ளிரவில் இன்னொரு கம்பளி வேண்டும் என்றால் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கும் என்பதுதான்.

என்னிடம் மூட்டுத் தேய்மானத்துக்காக வரும், மீன் விற்கும் அம்மா ஒருவர், சென்ற ஆண்டு பிள்ளைகளோடு ஏற்காடு போய்வந்து மூன்று வாரம் நடக்கச் சிரமப்பட்டார். ஐந்து பேருக்கு இரண்டு கட்டில் உள்ள அறையும் ஓர் "எக்ஸ்ட்ரா பெட்"டும் பதிவு செய்திருந்தார்கள். எக்ஸ்ட்ரா பெட் என்றால் பல இடங்களில் கட்டில் வராது, இரண்டு அங்குல மெத்தை ஒன்று தரையில் வரும். அதில் யார் படுப்பது என்ற கேள்வி வந்தபோது, "நீங்க மேல படுங்கப்பா, எனக்குத் தரைதான் பழக்கம்" என்று அவரே முந்திக்கொண்டிருக்கிறார். நம் வீடுகளில் அம்மாக்களும் ஆயாக்களும் இதைத்தான் சொல்வார்கள். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. மேலே படுங்கள் என்று யாரும் பிடிவாதம் பிடிக்கவும் இல்லை. இரண்டாம் மாடி அறை, கைப்பிடி இல்லாத படி, தரையோடு பதித்த கழிவறை எல்லாம் சேர்ந்து மூட்டை வீங்கவைத்துவிட்டன. முன்பணம் அனுப்பும் முன் இந்த நான்கையும் தொலைபேசியில் கேட்டுவிடலாம்: கூடுதல் படுக்கை கட்டிலா தரையா, எந்த மாடி, எந்த வகைக் கழிவறை, கட்டிலின் உயரம் முழங்கால் அளவுக்கு இருக்கிறதா. இணையத்தில் போடும் படங்களில் ஜன்னலும் பனிமூட்டமும்தான் தெரியும். கட்டிலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல வீட்டுக்காரர் மறுக்க மாட்டார்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். குளிருக்காகக் கரியடுப்பையோ, இறைச்சி சுட்ட பார்பிக்யூ தணலையோ அறைக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் எடுத்துச்செல்லாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே மயங்கிவிடுவார். புகை அடங்கிய தணலும் அதே அளவுக்கு ஆபத்தானது. குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் இருந்தால், ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குளியுங்கள்.

கூடாரத்தில் தங்குபவர்கள் விடிந்ததும் செய்யும் ஒரு தவறு உண்டு. இரவு முழுவதும் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டுகள் (டிஸ்க்) நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் அரை மணி, ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அவற்றின்மேல் விழும் அழுத்தம் மற்ற நேரத்தைவிட அதிகம். அந்த நேரத்தில்தான் குனிந்து குனிந்து முளைகளைப் பிடுங்கிக் கூடாரத்தை மடிக்கிறார்கள். முதலில் தேநீர் குடித்துச் சற்று நடந்துவிட்டு, பிறகு மண்டியிட்டு மடியுங்கள்.

வாடகைக்கு எடுக்கும் ஸ்லீப்பிங் பேக்குக்கு உள்ளுறை அவசியம். அதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பழைய எட்டு முழ வேட்டியைக் குறுக்காக இரண்டாக மடித்து, இரு பக்கமும் தைத்தால் ஒரு ஆள் நுழையும் பருத்தி உறை தயார். சொந்த பேக் வைத்திருப்பவர்கள், ஊர் திரும்பியதும் அதை மொட்டை மாடி நிழலில் ஒரு நாள் முழுக்க உலர்த்தி, சுருட்டி இறுக்காமல் பெரிய துணிப்பையில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். நம் கடற்காற்றின் ஈரத்தில் சுருட்டியபடியே பரணில் போட்ட பேக், அடுத்த பொங்கலுக்கு எடுக்கும்போது பூஞ்சை பிடித்து, பஞ்சு படிந்துபோயிருக்கும்.