720 நாட்களை 32 ஆக்கிய கணக்கு

2010களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத் தெருவில் படுத்துறங்கிய ஒரு முன்னாள் படைவீரர், அரசு மானியத்தோடு ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோக 720 நாட்கள் பிடித்தன. இடையில் அவர் கடக்க வேண்டியிருந்த அலுவலகப் படிகள் 76. சுமார் பத்தாண்டுகளில் அந்தக் காத்திருப்பு 32 நாட்களாகச் சுருங்கியது. அதே காலத்தில் 25,000க்கும் மேற்பட்டோர் வீடு சேர்ந்தார்கள். நகரில் வீடற்றோர் எண்ணிக்கை 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

வீட்டை இழந்து ஆட்கள் புதிதாகத் தெருவுக்கு வருவது அங்கே நின்றுபோய்விடவில்லை. பிறகு எப்படி எண்ணிக்கை சரிந்தது? விடை, காத்திருக்கும் வரிசைகளை ஆராயும் வரிசைக் கோட்பாடு என்ற கணிதத்தில் இருக்கிறது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961இல் ஒரு விதியை நிறுவினார்: ஓரிடத்தில் சராசரியாக இருப்போரின் எண்ணிக்கை என்பது, அங்கே ஆட்கள் வரும் வேகத்தை அவர்கள் தங்கும் சராசரிக் காலத்தால் பெருக்கினால் கிடைப்பது. ஒரு நகரில் மாதந்தோறும் 50 பேர் வீட்டை இழக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுபடி வீடு சேர ஒருவருக்குச் சராசரியாக 12 மாதம் ஆனால், எந்த இரவில் எண்ணினாலும் சுமார் 600 பேர் தெருவிலும் காப்பகங்களிலும் இருப்பார்கள். அந்தக் காலத்தை இரண்டு மாதமாக்கினால் 100 பேர்தான். வருகிறவர்களில் ஒருவர்கூடக் குறையாமலேயே இது நடக்கும். ஆகவே அலுவலகத்தில் வீணாகும் ஒவ்வொரு நாளும் தெருவில் ஆட்களைக் கூட்டுகிறது.

காலத்தைக் குறைப்பதற்குத்தான் கூட்டு முயற்சி தேவைப்படுகிறது. தொண்டு நிறுவனங்கள் தனித்தனியே இயங்கும் ஊரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காத்திருப்புப் பட்டியல், ஒரு விண்ணப்பம், ஒரு நிபந்தனை. ஒரே ஆள் ஐந்து இடங்களில் பதிந்திருப்பார். இன்னொருவர் எங்குமே பதிந்திருக்க மாட்டார். அனிஸ் பார்க்கர் மேயராக இருந்தபோது, 2012இலிருந்து, ஹூஸ்டன் மாநகராட்சியும் ஹாரிஸ் கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகமும் வீட்டுவசதி ஆணையங்களும் முன்னாள் படைவீரர் நலத்துறையும் தொண்டு நிறுவனங்களும் ஒரே வலைப்பின்னலில் சேர்ந்தன. எந்த வாசலில் நுழைந்தாலும் அதே கேள்விகள், அதே பட்டியல். வீட்டு உரிமையாளர்களிடம் பேசிக் காலி வீடுகளைப் பிடித்துவைப்பதும் அந்த வலைப்பின்னலின் வேலையானது. வேறு பல பெருநகரங்களை நோக்க அங்கே வாடகை குறைவு என்பதும் பெரிய உதவி; அதை மறைத்துவிட்டு ஹூஸ்டனைப் புகழ்வது நியாயமாகாது.

இப்படி இயங்கும் ஊர்களில் உயிர்நாடி பெயர்ப் பட்டியல்தான். யார், எங்கே உறங்குகிறார், உடல்நிலை என்ன, படையில் பணியாற்றியவரா, அடையாள அட்டை கையில் இருக்கிறதா, எந்தப் படியில் தடைப்பட்டு நிற்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பல துறைப் பணியாளர்களும் அடிக்கடி ஒரே மேசையில் கூடி, ஒவ்வொரு பெயராக எடுத்துப் பேசுகிறார்கள். ஒருவரின் பிறப்புச் சான்றிதழ் வரவில்லை என்றால் அதை யார் வாங்கித் தருவது என்று அங்கேயே முடிவாகிறது. ‘வீடற்றோர் பிரச்சினை’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசிக்கொண்டிருக்கும் வரை இந்த வேகம் வராது என்பது என் உறுதியான எண்ணம்.

யாருக்கு முதல் வீடு? ராண்டல் கூன், டென்னிஸ் கல்ஹேன் ஆகிய ஆய்வாளர்கள் நியூயார்க், பிலடெல்ஃபியா காப்பகப் பதிவேடுகளை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிவு இங்கே வழிகாட்டுகிறது. காப்பகத்துக்கு வந்தோரில் சுமார் 80 விழுக்காட்டினர் குறுகிய காலமே தங்கி வெளியேறினார்கள். நெடுங்காலம் தங்கிய ஏறத்தாழ 10 விழுக்காட்டினர், மொத்தப் படுக்கை நாட்களில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். லிட்டில் விதியோடு சேர்த்துப் பார்த்தால், சராசரிக் காலத்தை இழுத்து நீட்டுவது இந்தச் சிறு கூட்டம். இவர்களை முன்னால் கொண்டுவர, தேவை கூடினால் அதிக மதிப்பெண் தரும் வினாத்தாள்களைப் பயன்படுத்தினார்கள். ஆனால் பரவலாகப் பயன்பட்ட ஒரு வினாத்தாளில் கறுப்பினத்தவரைவிட வெள்ளையருக்கு அதிக மதிப்பெண் விழுவதை ஆய்வுகள் காட்டின. 2020இல் அதை உருவாக்கியவர்களே படிப்படியாகக் கைவிட முடிவெடுத்தார்கள். மதிப்பெண்ணை மட்டும் நம்பி மனிதரை வரிசைப்படுத்துவது ஆபத்து.

வீடு சேர்ந்தவர் மறுபடி தெருவுக்கு வந்தால் கணக்கு கெட்டுவிடும். குடியை விடு, மருந்து சாப்பிடு, பிறகு வீடு தருகிறோம் என்பது பழைய முறை. 1992இல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் அதைத் தலைகீழாக்கினார்: முதலில் வீடு, அதற்குள் இருந்தபடியே சிகிச்சை. கனடா இதை 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், சுமார் 2,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தது. ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில், முதலில் வீடு பெற்றோரில் 62 விழுக்காட்டினர் முழு நேரமும் வீட்டில் இருந்தார்கள். வழக்கமான உதவி பெற்றோரில் அது 31 விழுக்காடு.

இவை அனைத்தும் ஒன்றுசேர்ந்தது முன்னாள் படைவீரர் விஷயத்தில். அவர்களுக்கான சிறப்பு வவுச்சரில், அதாவது வாடகை உதவிச் சீட்டில், வருமானத்தின் சுமார் 30 விழுக்காட்டை வீரர் வாடகையாகக் கொடுக்கிறார். மீதியை அரசு கட்டுகிறது. கூடவே நலத்துறை ஒரு சமூகப் பணியாளரை அமர்த்துகிறது. 2015 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸும், அதே ஆண்டு ஜூனில் ஹூஸ்டனும் படைவீரர் வீடின்மையை நடைமுறையில் முடித்ததாக அறிவித்தன. தெருவில் ஒருவரும் இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. புதிதாக வருகிறவரை உடனே வீடு சேர்க்கும் திறன் ஊருக்கு வந்துவிட்டது என்று பொருள். நாடு முழுவதும் 2010இல் ஓரிரவில் சுமார் 74,000 பேராக இருந்த வீடற்ற படைவீரர்கள், 2024இல் 32,882 ஆனார்கள்.

ஆனால் அதே 2024இல் அமெரிக்காவின் மொத்த வீடற்றோர் எண்ணிக்கை 18 விழுக்காடு உயர்ந்து 7,71,480 ஆனது. குழந்தைகளோடு இருக்கும் குடும்பங்களில் உயர்வு 39 விழுக்காடு. புலம்பெயர்ந்து வந்தோரின் வருகையும் ஹவாயின் மௌயி தீவில் மூண்ட காட்டுத்தீயும் அதில் பங்கு வகித்தன என்றாலும், அடியில் இருப்பது வாடகை. குடும்பங்களுக்கு எது உதவும் என்பதும் தெரியாத ரகசியமல்ல. 12 பகுதிகளில் 2,282 குடும்பங்களை 2010 முதல் சோதித்த ஓர் ஆய்வில், நீண்டகால வாடகை வவுச்சர் பெற்ற குடும்பங்களிடையே வீடின்மை வழக்கமான உதவி பெற்றவர்களைவிடப் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. மூன்றாண்டுச் செலவை வழக்கமான முறையோடு ஒப்பிட்டால் கூடுதல் ஏறத்தாழ 9 விழுக்காடுதான்.

படைவீரர் வவுச்சருக்கு 2008 முதல் அமெரிக்க நாடாளுமன்றம் ஏறக்குறைய ஆண்டுதோறும் புதிதாகப் பணம் ஒதுக்கி வந்திருக்கிறது. மற்றவர்களுக்கான வாடகை உதவியோ, தகுதியுள்ள நான்கு குடும்பங்களில் ஏறத்தாழ ஒன்றுக்கே கிடைக்கிறது. பல நகரங்களில் காத்திருப்புப் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. சிலவற்றில் புதுப் பெயர்களைச் சேர்ப்பதையே நிறுத்திவைத்திருக்கிறார்கள்.