"நேற்றைய விலைதானே?"

சம்மாந்துறையில் அரிசி மில் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மற்ற மில்காரர் என்ன விலைக்குப் போடுகிறார்கள் என்று மகன் தினமும் நாலைந்து இணையத்தளங்களைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறான். காசு கட்டி ஏபிஐ எடு என்கிறார்கள். அது எதற்கு?"

இணையத்தளம் மனிதக் கண்ணுக்காகச் செய்தது. கீரிச்சம்பாவின் விலை எந்த மூலையில் இருந்தாலும் உங்கள் மகன் கண்டுபிடித்துவிடுவார். பக்கத்தைப் படித்து விலையை எடுக்கும் கணினி நிரலோ, பக்கத்தின் அமைப்பு மாறிய அன்றே தடுமாறும், சிலவேளை பிழையான எண்ணையே எடுத்துவிடும். ஏபிஐ, நிரலும் நிரலும் பேசுவதற்கென்று வைத்த வாசல். அரிசியின் பெயர், எடை, விலை, நேரம் எல்லாம் தனித்தனிப் பெயரோடு வரும். அப்படியே சேர்த்து வைத்தால், மாசி பங்குனியில் பெரும்போக நெல் வந்து குவியும்போது எந்தப் போட்டியாளர் முதலில் விலையை இறக்குகிறார் என்று அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். விலையைக் கைராசியில் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்குப் பதிந்து வைத்த எண்ணில்தான் நம்பிக்கை.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். விலை எப்போது மாறும் என்று முன்கூட்டித் தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் ஒரு நாளைக்கு 288 தடவை. விலை மாறுவதோ இரண்டு தடவை என்று வையுங்கள். மீதி 286 தடவையும் அதே பட்டியலை முழுதாக இழுக்க வேண்டுமா?

வேண்டாம். முதல் தடவை சேர்வர், அதாவது விலைப் பட்டியலை வைத்திருந்து தரும் கணினி, பட்டியலோடு 'ஈடேக்' என்றொரு சிறு குறியையும் அனுப்பும். பெரும்பாலும் அது அந்தப் பட்டியலின் கைரேகை. முழுப் பட்டியலையும் ஒரு கணக்கீட்டில் போட்டுப் பிழிந்தெடுத்த சில எழுத்துகள். பட்டியலில் எங்கோ 220 என்றிருந்தது 221 ஆகட்டும், கைரேகை முழுவதும் வேறாகிவிடும். அடுத்த தடவை நம் நிரல் அந்தக் குறியைக் காட்டி, "என்னிடம் இது இருக்கிறது, மாறியிருந்தால் மட்டும் தா" என்று கேட்கும். சேர்வர் ஒப்பிட்டுப் பார்த்து '304' என்று மட்டும் சொல்லும். மாறவில்லை என்று பொருள். பட்டியல் வராது. மரந்தகஹமுல அரிசி மொத்தச் சந்தைக்குக் கோல் எடுத்து "நேற்றைய விலைதானே?" என்று கேட்டால், மறுமுனையில் "ஓம்" என்று வைத்துவிடுவது போல. இணையத்தில் கணினிகள் கேட்டுப் பதில் சொல்லும் முறையை வகுத்த எச்டிடிபி 1.1 விதிகளில் 1997 இல் எழுதியது, இன்றும் அப்படியே ஓடுகிறது.

மத்திய வங்கியின் நாளாந்த விலை அறிக்கையில் இதே மரந்தகஹமுல விலை இருக்கிறது, ஆனால் நிரலுக்கல்ல, கண்ணால் படிப்பதற்கான பிடிஎஃப் கோப்பாக. மக்கள் பணத்தில் திரட்டிய விலையை இப்படியொரு வாசல் வழியாகவும் தந்தால், மில்காரருக்கு மட்டுமல்ல, நெல் விற்கும் வயல்காரருக்கும் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும். அதற்கு அரசு செலவழிக்கத்தான் வேண்டும்.

வாங்குமுன் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: 304 பதிலையும் கட்டணக் கணக்கில் சேர்ப்பீர்களா? நிரல் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களை வைக்கும் தளமான கிட்ஹப்பின் ஏபிஐ, முறையான அனுமதியோடு கேட்பவர்களுக்கு, அதைப் பாவனை வரம்பில் சேர்ப்பதில்லை. உங்கள் ஆள் சேர்த்தால், 286 "ஓம்"களுக்கும் நீங்கள் காசு கட்டுவீர்கள்.