"பட்டா மாற்றத்துக்கு ஒரு கையெழுத்து" என்று கூப்பிட்டால்: மகள்களின் சொத்துப் பங்கு

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரிப்பதற்குள் அந்தப் பேச்சு வந்துவிடும். "பட்டா மாற்ற வேண்டும், ஊருக்குப் போவதற்குள் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போம்மா." அந்த ஒரு கையெழுத்தில் முழுப் பங்கையும் இழந்த பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோருக்கும் சட்டத்தில் உரிமை இருந்தது.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 60 ஆண்டுகள் ஆயின. 25.3.1989 முதல் பூர்வீகச் சொத்தில், அதற்கு முன் கல்யாணம் ஆகாத மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு வந்தது. 9.9.2005இல் அந்த நிபந்தனை இல்லாமல் நாடு முழுவதற்கும் அது சட்டமானது. (இங்கே சொல்வதெல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு.)

சட்டம் மாறியதும் குடும்பங்களும் வழியை மாற்றிக்கொண்டன. முன்பு மகளைக் கேட்காமலே பிரித்துக்கொள்ள முடிந்தது. அவள் கையெழுத்து இல்லாமல் வாங்குபவர் பணம் தரமாட்டார் என்ற நிலை வந்தபின், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரம் கிட்டத்தட்ட ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. எழுதிக் கொடுக்க மறுக்கிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைபடும். இந்தப் பயத்தை எந்தச் சட்டத் திருத்தமும் போக்கவில்லை.

ஆகவே முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டா மாறுதலுக்கான மனுவுக்காக யாரும் உங்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் உட்கார வைத்துப் படம் எடுத்து, கைரேகை வாங்க மாட்டார்கள். அங்கே அழைத்துப் போனால் அது பத்திரப் பதிவு. விடுதலைப் பத்திரமாகவோ, உங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பொது அதிகாரப் பத்திரமாகவோ இருக்கும். முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தொகை வாங்கிக்கொண்டதாக எழுதியிருந்தால், அந்தத் தொகை கைக்கு வரும்வரை கையெழுத்திடாதீர்கள். வெற்று முத்திரைத்தாளில் ஒருபோதும் வேண்டாம். ஏற்கெனவே ஏமாந்திருந்தால், ஏமாற்று தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போட வேண்டும். "அண்ணன் பேசி முடித்துவிடுவார்" என்று காத்திருந்தே அந்த 3 ஆண்டுகளைத் தொலைத்தவர்கள் அதிகம்.

அடுத்தது அலுவலகங்களில் சொல்லப்படும் தவறான பதில்கள். "1989க்கு முன்னால் கல்யாணம் ஆனவருக்குப் பங்கு கிடையாது" என்பது இன்னும் சொல்லப்படுகிறது. அந்த நிபந்தனை தமிழ்நாட்டின் பழைய திருத்தத்தில் இருந்தது. 2005 சட்டத்தில் இல்லை. "அப்பா 2005க்கு முன்பே இறந்துவிட்டாரே" என்பார்கள். மகளின் உரிமை பிறப்பிலேயே வருவது, அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 11.8.2020இல் தீர்ப்பளித்துவிட்டது. ரேஷன் கார்டில் பெயர் இல்லை என்பதற்கும் பங்குக்கும் தொடர்பே இல்லை. நகை போட்டதும் சீர் செய்ததும் பங்கைக் கழித்துவிடாது.

உண்மையாகவே தடையாக நிற்பவை வேறு. 20.12.2004க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ பாகம் பிரித்திருந்தால், அல்லது அதற்கு முன்பே விற்றிருந்தால், அதைத் திரும்பக் கிளற முடியாது. "வாயால் பேசிப் பிரித்துக்கொண்டோம்" என்று மட்டும் சொன்னால் அது எளிதில் நிற்காது.

இன்னொரு பொறியில் படித்தவர்களே விழுகிறார்கள். தாத்தா சொத்து என்றாலே பூர்வீகம் என்று நினைக்கிறோம். தாத்தாவின் தனிச் சொத்து, 1956க்குப் பிறகு அவர் உயில் எழுதாமல் இறந்து அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச் சொத்து. அதை அவர் உயிலில் யாருக்கும் எழுதலாம். உயில் இல்லாமல் இறந்தால்தான் மனைவி, மகன், மகள், அவருடைய தாய் எல்லோருக்கும் சமப் பங்கு. ஆகவே வழக்கறிஞரைப் பார்க்கப் போகுமுன், சொத்து யாரிடமிருந்து, எந்த ஆண்டு, எந்த வழியில் வந்தது என்பதை எழுதி எடுத்துப் போங்கள்.

வாரிசுச் சான்றிதழில் மகளின் பெயரை விட்டுவிட்டு மனுச் செய்வதும் நடக்கிறது. நான் உடன் போன ஒரு பெண் மூன்று மாதம் அலைந்தார். கிராம நிர்வாக அலுவலர் வருவாய் ஆய்வாளரைப் பார்க்கச் சொன்னார், ஆய்வாளர் தாசில்தாரை, தாசில்தார் அலுவலகத்தில் "அண்ணனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். யார் பெயரை விட்டாரோ அவரையே கூட்டிவரச் சொன்னார்கள். வாய்மொழியாக எதையும் கேட்காதீர்கள். எழுத்தில் மனுக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் ஒப்புதல் அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். பெயரை விட்டுச் சான்றிதழ் தந்துவிட்டாலோ பட்டாவை மாற்றிவிட்டாலோ வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். எந்த ஆவணத்தை வைத்துப் பட்டாவை மாற்றினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாயில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது அண்ணன் பெயருக்கு மாறியதாலேயே உங்கள் பங்கு போய்விடாது. சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் பாருங்கள். விற்கப்போவது தெரிந்தால், சார்பதிவாளரிடம் தடை மனு கொடுத்துவிட்டோம் என்று நம்பி உட்கார வேண்டாம். பாகப்பிரிவினை வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேளுங்கள். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து உங்களை விலக்கியது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுகள்தான் வழக்குக்கான காலம்.

வழக்கு மனுவில் "என்னை முழுக்க வெளியேற்றிவிட்டார்கள்" என்று எழுதினால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டிவரும். மற்றப் பங்குதாரர்களோடு சேர்ந்து சொத்தை அனுபவித்து வந்தால் (கூட்டு அனுபவம்) கட்டணம் மிகக் குறைவு. உண்மை எதுவோ அதை வழக்கறிஞரிடம் தெளிவாகச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.

பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வருமானச் சான்று கொண்டுவாருங்கள் என்று அங்கே யாராவது சொன்னால், பெண் என்பதே போதும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவைக் காட்டுங்கள்.